நாற்பதினாயிரம் ரூபாயும் ஒரு கம்ப்யூட்டரும்

கோயமுத்தூர் ஜில்லாக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த யந்திரத்தையும் அவர்கள் வெளிப்பூச்சைப் பார்த்து வாங்குவதில்லை. மாவரைக்கும் கிரைண்டர் வாங்கப் போகும் பாட்டியம்மாள்கூட, "கல்லு எந்த ஊர்க் கல்லுங்க? மோட்டாருக்குள்ளே செம்புக் கம்பியா, அலுமினியமா?" என்று விசாரித்த பிறகுதான் விலையைக் கேட்பாள். பம்பு செட் வாங்கும் குடியானவரோ கிணற்றின் ஆழத்தையும் குழாயின் அகலத்தையும் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டுதான் கடைப்படி ஏறுவார்.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்கார ஜனங்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் மட்டும், தேர்த்திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய குழந்தையைப் போல் விழிக்கிறார்கள். கடைக்காரர் நீட்டும் ஜாபிதாவைப் பார்த்து, ஒன்றும் புரியாமல், "நீங்களே நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். இது ஏன் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. சென்ற 2025-ஆம் வருஷம் ஜூன் மாதம் நேர்ந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு எனக்கு விஷயம் விளங்கிற்று. அதையே நேயர்களுக்குச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

சீட்டுப் பணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். அந்தப் பெண் என்னிடம் படித்தவள். பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கி, கல்லூரியில் கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பட்டப் படிப்பிற்கு இடமும் பெற்றிருந்தாள். தகப்பனார் வீட்டோடு நான்கு தறி வைத்துக்கொண்டு கூலிக்கு நெய்கிறவர். பாவு நூல் கொடுப்பவர் வேறொருவர். இவருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இத்தனை என்ற கூலி மட்டுமே.

"ஏனுங் சார், அம்மிணிக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமுங்க. சீட்டு எடுத்தேன். கையிலே நாப்பதாயிரம் இருக்குதுங்க. அதுக்கு மேலே ஒரு ரூபாயும் பெரட்ட முடியாதுங்க. நீங்க கூட வந்து பாத்துக் குடுத்தீங்கன்னாப் புண்ணியமாப் போகுமுங்க" என்றார்.

பெண்ணின் தமையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு மடிக்கணினி கிடைத்திருந்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2011-ஆம் வருஷம் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கு வந்த யந்திரம் அது. இப்போது அதன் பாட்டரி ஊதிப்போய், திரையின் கீலும் ஒடிந்து, பரணில் கிடக்கிறது. "அதைப்போலவே இன்னொன்று வாங்கினால் என்ன?" என்று கேட்டேன். பெண் பதில் சொன்னாள்: "அதிலே ஒண்ணு கெட்டா எல்லாமே கெட்ட மாதிரிங்க சார். மேசைக் கம்ப்யூட்டர்னா எது கெட்டுதோ அதை மட்டும் மாத்திக்கலாமுங்களே!"

தறி வீட்டுப் பெண் அல்லவா? தறியில் பிக்கர் தேய்ந்தால் பிக்கரைத்தான் மாற்றுவார்கள்; தறியையா மாற்றுவார்கள்? அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

என் யோக்கியதை

இந்த விஷயத்தில் யோசனை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். ஏமாந்தவன் என்ற யோக்கியதைதான்.

2009-ஆம் வருஷம் நான் முதன் முதலில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரர் சொன்ன விலையில் 1,000 ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடினேன். அவரும் சிரித்த முகத்துடன் குறைத்தார். எதில் குறைத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டு மின்சாரத்தை யந்திரத்திற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. கடைகளில் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அந்தப் பெட்டியில்தான் கை வைத்திருந்தார்!

என் தகப்பனார் தம் கடைசிக் காலத்தில் நொய்யல் ஆற்றின் வாய்க்கால்களையும் குளங்களையும் பற்றித் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவந்தார். எந்தக் குளம் எந்த மடையால் நிரம்பும், எந்த வருஷம் எது உடைந்தது என்று மாலை நேரங்களில் அவர் சொல்லச் சொல்ல நான் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தேன். இரண்டு வருஷ வேலை. அவர் காலமான ஐந்தாவது மாதம், ஒரு கோடை மழை நாளில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. பெட்டி வெடித்தது மாத்திரமல்ல. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. வேறு எங்கும் நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. 1,000 ரூபாய் மிச்சம் பிடித்தவன் எதை இழந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அன்று முதல் இந்த யந்திரத்தின் உறுப்புக்களைப் பற்றி நான் ஒரு மாணவனைப்போல் படிக்க ஆரம்பித்தேன்.

எப்படிப் பிரிக்கலாயிற்று?

கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டலாம் என்ற சௌகரியம் நமக்கு எப்படிக் கிடைத்தது? 1981-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி தன் 'பெர்சனல் கம்ப்யூட்டர்' என்னும் சிறு யந்திரத்தை வெளியிட்டது. அவசரத்தில் செய்த யந்திரம் அது. ஆகையால், எல்லாவற்றையும் தானே செய்யாமல், கடையில் கிடைத்த உறுப்புக்களைக் கொண்டே அதைப் பூட்டினார்கள், உள்ளமைப்பையும் வெளியிட்டார்கள். ஆரம்ப விலை 1,565 டாலர். விரைவில் மற்றக் கம்பெனிகளும் அதே அளவில் உறுப்புக்கள் செய்யத் தொடங்கின. 1995-ஆம் வருஷம் இண்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டத்தை வகுத்தது. அதனால்தான் இன்று ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் திருகு மாறாமல் உட்காருகிறது.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, தில்லி நேரு பிளேஸ், எங்கள் காந்திபுரம் கடைகள் எல்லாம் பிழைப்பது அந்தத் திருகு அளவினால்தான் என்று சொல்ல வேண்டும்.

முதல் கடை

புறப்படுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன வேலைக்கு? எந்த இடத்தில் வைக்கப் போகிறாய்? எத்தனை வருஷம் உழைக்க வேண்டும்? அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்: 'பைத்தான், ஸி முதலிய பாஷைகளில் நிரல் எழுதப் பழகுவதற்கு, பாடங்கள் பார்ப்பதற்கு, தறிக்கு அடுத்த அறையில், குறைந்தது ஐந்து வருஷம்.' அந்தக் காகிதத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடையில் வண்ண விளக்குகள் கண்ணைப் பறிக்கும்போது அதை எடுத்துப் படித்துக்கொள்வதற்காகத்தான்!

காந்திபுரத்தில் முதலில் ஏறிய கடையின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. உபசாரத்திற்குக் குறைவில்லை. காபி வந்தது, பின்னாலேயே 38,500 ரூபாய்க்கு ஒரு ஜாபிதாவும் வந்தது. கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சிவப்பும் நீலமுமாய்ச் சுழலும் நான்கு விசிறிகள், "தனி கிராபிக்ஸ் கார்டு வேறே இருக்குதுங்க" என்ற சிபாரிசு! தகப்பனாரின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் ஜாபிதாவை வாங்கி வாசித்தேன். பிராஸஸர்: இண்டெல் ஐ3-12100எஃப்.

நேயர்களே, கடைசியிலுள்ள அந்த 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். இண்டெல் பிராஸஸரில் எஃப் என்று முடிந்தால், திரையில் படம் காட்டும் சக்தி அதற்குள் கிடையாது என்று அர்த்தம். விலை கொஞ்சம் குறைவு. ஆனால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. ஆகவேதான் கடைக்காரர் ஒரு கார்டைச் சேர்த்திருந்தார். அதுவோ பத்து வருஷத்திற்கு முன் வந்த பழைய ரகம். இந்தப் பெண்ணின் வேலைக்கு அதைவிடப் பிராஸஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் எவ்வளவோ மேல்.

அடுத்த வரி: எஸ்.எம்.பி.எஸ். 500 வாட். கம்பெனிப் பெயர் இல்லை. எடுத்துக் காட்டச் சொன்னேன். கையில் வாங்கியபோது தகரடப்பாவைப்போல் லேசாக இருந்தது. எனக்கு 2009-ஆம் வருஷத்துக் கருகல் வாசனை மறுபடியும் மூக்கில் ஏறிற்று.

யு.பி.எஸ். ஜாபிதாவிலேயே இல்லை. கேட்டதற்கு, "அப்புறமா வாங்கிக்கலாமுங்க" என்றார். கடைசியில் தகப்பனாரிடம் மெதுவாக, "பில்லு வேண்டாம்னாச் சொல்லுங்க, ரெண்டாயிரம் கொறைச்சுக்கலாம்" என்று ஒரு யுக்தியும் சொன்னார்.

இரண்டாயிரம் ரூபாய் என்பது தறிக்காரருக்குச் சின்னத் தொகையல்ல. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கம்ப்யூட்டர் உறுப்புக்களுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி. அது வாஸ்தவம். ஆனால் ரசீதில் ஒவ்வொரு சாமானுடைய தொடர் எண்ணும் இருந்தால்தான் மூன்று வருஷ கியாரண்டி பிழைக்கும். ரசீது இல்லாத சாமான் கெட்டுப்போனால், கடைக்காரரின் ஞாபக சக்தியை நம்பித்தான் நாம் இருக்க வேண்டும்." வெளியே வந்துவிட்டோம். காபிக்கு நன்றி சொல்ல மறக்கவில்லை.

ஒவ்வொரு உறுப்பாக

இரண்டாவது கடையில் நாங்களே ஜாபிதா எழுதிக் கொடுத்தோம். எதை ஏன் எடுத்தோம் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

பிராஸஸர்தான் யந்திரத்தின் மூளை. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைஸன் 5 5600ஜி என்ற ரகத்தை எடுத்தோம். 2021-ஆம் வருஷம் வந்தது, புத்தம் புதியதல்ல. ஆனால் ஆறு கோர் உண்டு. படம் காட்டும் சக்தியும் உள்ளேயே உண்டு. சூட்டைத் தணிக்கும் விசிறியும் பெட்டியோடு வருகிறது. இங்கேயும் எழுத்து ஜாக்கிரதை! '5600' என்று மட்டும் இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. 'ஜி' இருக்க வேண்டும். இண்டெல்லில் எஃப் இருக்கக் கூடாது. இந்த வரிசையில் ஜி இருக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதி அபாயம் நீங்கிற்று.

மதர்போர்டு என்பது எல்லா உறுப்புக்களும் வந்து உட்காரும் பலகை. பிராஸஸரின் காலும் பலகையின் குழியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 5600ஜிக்கு ஏ.எம்.4 என்ற குழி. 2022-ல் ஏ.எம்.5 என்ற புதுக்குழி வந்துவிட்டதால், ஏ.எம்.4 பலகையில் அதற்குப் பிற்பட்ட தலைமுறைப் பிராஸஸர்களைப் பூட்ட முடியாது. இது ஒரு குறைதான். பட்ஜெட்டுக்காக அந்தக் குறையை ஒப்புக்கொண்டோம். நாங்கள் எடுத்தது ராம் பூட்ட நான்கு இடமுள்ள பி450 ரகம். அது 2018-ல் வந்த ரகமாகையால், பலகையினுள் எழுதப்பட்டிருக்கும் பயாஸ் பழையதாயிருந்தால் 5600ஜியை அடையாளம் கண்டுகொள்ளாது. பயாஸைப் புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லி, கடையிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டவும் சொன்னோம்.

ராம் என்பது வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் மேசை. 16 ஜி.பி. தேவை என்று முடிவு செய்தோம். அதை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஒற்றை மாட்டு வண்டிக்கும் இரட்டை மாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டு துண்டும் சேர்ந்து இழுத்தால் வேகம் கூடும்; உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு இந்த வேகம் மிகவும் முக்கியம்.

பண்டங்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடிக்கு 150 எம்.பி. சுமாராகப் படிக்கும். ஸாட்டா ரக எஸ்.எஸ்.டி. 550 வரையில் போகும். என்.வி.எம்.இ. ரகமோ 3,500-ஐ எட்டும். 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று எடுத்தோம். அதைவிட வேகமான நாலாவது தலைமுறைச் சரக்கைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். 5600ஜி மூன்றாவது தலைமுறை வேகத்திற்கு மேல் போகாது. ஆகவே அதற்குக் கொடுக்கும் பணம் விழலுக்கிறைத்த நீர்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த யந்திரம் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டுக்கு மேல் கேட்காது. ஆகவே வாட் எண்ணிக்கையை விடத் தரமே முக்கியம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 450 வாட் பெட்டி, பெயருள்ள கம்பெனியுடையது, எழுத்து மூலமான கியாரண்டியுடன் எடுத்தோம். அந்த முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதைக் காட்டுவது. பெட்டி வெடிக்காது என்பதற்கு அதுவே முழு ஜாமீன் ஆகாது. ஆனால் முத்திரையே இல்லாத தகரத்தைவிட நூறு மடங்கு மேல். கிரைண்டரில் செம்புக் கம்பியைக் கேட்கும் பாட்டியம்மாள் கம்ப்யூட்டரில் கேட்க வேண்டியது இந்தப் பெட்டியைத்தான்.

கேபினெட்டுக்குக் கண்ணாடியும் விளக்கும் வேண்டாம் என்று பெண்ணே சொல்லிவிட்டாள். தறி அறைக்குப் பக்கத்தில் பஞ்சுத் தூசி பனிபோல் இறங்கும். ஆகவே முகப்பில் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள பெட்டியாகத் தேடி எடுத்தோம். மானிட்டர் இருபத்திரண்டு அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். ரகம். கண் போகும் வயசல்ல. கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வயசு. ஆகையால் இதில் சிக்கனம் பார்க்கவில்லை.

கணக்கு இதோ, வரி உள்பட:

பிராஸஸர் — ரூ. 11,200
மதர்போர்டு — ரூ. 6,100
ராம் — ரூ. 3,700
எஸ்.எஸ்.டி. — ரூ. 3,100
எஸ்.எம்.பி.எஸ். — ரூ. 3,400
கேபினெட் — ரூ. 2,100
மானிட்டர் — ரூ. 6,600
கீபோர்டும் மௌஸும் — ரூ. 900
யு.பி.எஸ். — ரூ. 2,800
ஆக மொத்தம் — ரூ. 39,900

மிச்சம் நூறு ரூபாய். தகப்பனார் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விண்டோஸுக்கு விலை கொடுக்கப் பணமில்லை. திருட்டுப் பிரதி ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளும் உண்டு. அது வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் போதும். நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு அது குறைவும் அல்ல. தமிழில் எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை முறையும் அதில் அமைந்திருக்கிறது.

கறுத்த திரை

கடையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, "பூட்டியே தந்துவிடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். பெண் வேண்டாமென்றாள். எல்லாவற்றையும் கழற்றி அட்டைப் பெட்டிகளில் வாங்கிக்கொண்டு சோமனூர்ப் பஸ் ஏறினோம்.

தறிகளை நிறுத்திவிட்டு வீட்டார் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலில் தகரப் பெட்டியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளச் சொன்னேன். பிராஸஸரின் ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம் ஒன்று இருக்கிறது. குழியின் மூலையிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டையும் பொருத்தி வைத்தால் அது தன் கனத்தாலேயே இறங்கும், அமுக்கக் கூடாது. அமுக்கினால் ஊசிக் கால்கள் வளையும். 11,200 ரூபாய் போயிற்று. பெண்ணின் விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் விரல்கள் அல்லவா அவை?

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பொத்தானை அமுக்கினாள். விசிறிகள் சுழன்றன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்கமாட்டேன். தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயார் உள்ளே போய்விட்டார். சீட்டுப் பணம் முழுவதையும் நான் சொன்ன வார்த்தைக்காகக் கொட்டிவிட்டார்களே என்று எனக்குத் தொண்டை உலர்ந்தது.

பெண் மின்சாரத்தை நிறுத்தினாள். காகிதத்தை எடுத்து, பூட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு, "சார், பிராஸஸருக்குன்னு தனியா ஒரு கரெண்டு ஒயர் உண்டுங்களே, அதைச் சொருகவே இல்லீங்க!" என்றாள். வாஸ்தவம். பலகையின் மேல் மூலையில் அந்தத் துவாரம் காலியாக இருந்தது. ஒயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். திரையில் எழுத்து வந்தது. "வந்துருச்சுங்க!" என்று கத்தியவர் தகப்பனார்தான்.

அன்று மாலையே இன்னொரு வேலையும் செய்தோம். எலெக்டிரீஷியன் ஒருவரை வரவழைத்து, மூன்றாவது கம்பியாகிய எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். இருக்கவில்லை! 2,800 ரூபாய் யு.பி.எஸ். வாங்கினாலும், எர்த் இல்லாத வீட்டில் அது பாதிக் காவல்தான். அதைச் சரிசெய்த பிறகே நான் வீடு திரும்பினேன்.

இன்று வாங்குவோருக்கு

மேற்படி விலைகளை வைத்துக்கொண்டு நேயர்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவை 2025 ஜூன் மாதத்து விலைகள். அந்த வருஷக் கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறி, இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. செயற்கை அறிவு யந்திரங்களுக்காக உலகெங்கும் கட்டப்படும் பிரம்மாண்டமான கூடங்கள் ராமையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டன. உலகத்தில் பெரிய அளவில் ராம் செய்யும் கம்பெனிகள் மூன்றேதான். அவற்றில் ஒன்றாகிய மைக்ரான், வீடுகளுக்கு விற்றுவந்த தன் 'குரூஷல்' வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கூடத்தால் சோமனூர்த் தறிக்காரரின் கணக்கு இடிக்கிறது!

ஆகவே கையில் பணம் குறைந்தால் எதில் குறைப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராமில் எட்டு ஜி.பி. ஒரு துண்டோடு ஆரம்பித்து, இடத்தைக் காலியாக விட்டு, விலை இறங்கும்போது இரண்டாவது துண்டு சேர்க்கலாம். கேபினெட்டில் குறைக்கலாம். கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸில் மாத்திரம் குறைக்கக் கூடாது. மற்ற உறுப்புக்கள் கெட்டால் தாம் மட்டும் கெடும், அது கெட்டால் எல்லாவற்றையும் கெடுக்கும்.

கம்பெனி ஆபீஸ்களில் ஓடிக் கழித்த பழைய யந்திரங்களும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை நான் இழிவாகச் சொல்லமாட்டேன். மிகவும் ஏழ்மையான வீட்டிற்கு அவை நல்ல வழி. ஆனால் அவற்றில் பலவற்றின் பலகையும் மின்சாரப் பெட்டியும் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு. கெட்டால் கடையில் மாற்றுச் சாமான் லேசில் அகப்படாது. மேலும், விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோஸாப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. மிகப் பழைய பிராஸஸர்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை. எந்த யந்திரமும் ஒருநாள் கெடும். முக்கியமானதற்கு இன்னொரு பிரதி வேறோரிடத்தில் இருக்கட்டும். இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நொய்யல் குளங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

தறியும் கம்ப்யூட்டரும்

பிராஸஸரும் ராமும் நம் நாட்டில் செய்தவை அல்ல. இது மனத்தை உறுத்தாமல் இல்லை. 1937-ஆம் வருஷத்தில் கோயமுத்தூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும். அதற்கு முன் மோட்டாரும் சீமைச் சாமான்தான். செய்யலாம் என்று தோன்றியது, வாங்கிய மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான். 2024 மார்ச்சில் குஜராத் தோலேராவில் சிப் செய்யும் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போகப்போகிறவர்கள் யார்? சோமனூரில் உட்கார்ந்து பிராஸஸரின் பொன் முக்கோணத்தைப் பொருத்திப் பார்க்கும் பெண்களும் அவர்களில் இருக்கட்டும்.

ஆயுத பூஜையன்று அவர்கள் வீட்டிற்கு அழைத்திருந்தார்கள். நான்கு தறிகளுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பக்கத்து அறையில் கம்ப்யூட்டருக்கும் ஒரு மாலை. தாயார் கை நிறையக் குங்குமத்தோடு பெட்டியை நெருங்கியபோது நான் பதறி எழுந்தேன். அதற்குள் பெண், "அம்மா, விசிறிப் பக்கம் வேண்டாம், இங்கே வையிங்க" என்று பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள்.

அன்று காலையில்தான் முகப்பு வலையைக் கழற்றிக் கழுவினாளாம். அதிலிருந்து எடுத்த பஞ்சை உருட்டி ஜன்னலோரத்தில் வைத்திருந்தாள். எலுமிச்சம் பழம் அளவு இருந்தது.